மலைநாட்டு மைந்தர் ஜெய்பால் சிங்

ஓடி விளையாடும் பிள்ளைக்கு உடலும் உள்ளமும் ஒருங்கே வளரும் என்பது பெரியோர் கண்ட உண்மை. ஆயினும் விளையாட்டு ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டு சேர்க்கும் என்று கேட்டால் நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம். காட்டோரத்தில் மாடு மேய்த்த ஒரு சிறுவனை ஆக்ஸ்போர்டுக்கும், அங்கிருந்து ஒலிம்பிக் திடலுக்கும், பின்னர் நம் நாட்டின் அரசியல் நிர்ணய சபைக்கும் கொண்டு சேர்த்த வரலாறு ஒன்று உண்டு. அந்தச் சிறுவரே இந்திய ஹாக்கி அணியின் முதல் ஒலிம்பிக் தலைவரான ஜெய்பால் சிங் முண்டா. அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரின் வாயிலாக என் அன்புத் தோழியருக்குக் கூற விழைகிறேன்.

இப்பெயரை நான் முதலில் கேட்டது 2025 ஜனவரியில். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் போட்டிகள் முதன்முறையாக ராஞ்சி நகரில் நடைபெற்றன. நான்கு அணிகள் ஆடிய அப்போட்டிகளை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒன்றுவிடாமல் பார்த்தேன். வீராங்கனைகள் ஏலத்தில் எடுக்கப்பட்டு ஊதியம் பெற்று ஆடுகிறார்கள் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. அந்த விளையாட்டரங்கின் பெயர் நீளமானது: மராங் கோம்கே ஜெய்பால் சிங் முண்டா ஹாக்கி அரங்கம். மராங் கோம்கே என்றால் முண்டா மொழியில் பெருந்தலைவர் என்று பொருள். யார் இந்தப் பெருந்தலைவர் என்று எங்கள் விளையாட்டு ஆசிரியையிடம் கேட்டேன். நீயே தேடிப் படித்து வந்து எங்களுக்குச் சொல் என்றார்கள். அப்படித் தேடியதன் பயனே இக்கட்டுரை.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஞ்சிக்குத் தெற்கே குந்தி என்னும் பகுதி இருக்கிறது. மலையும் காடும் சிற்றாறுகளும் சூழ்ந்த நாடு அது. அங்கே தக்ரா என்னும் சிற்றூரில், முண்டா என்னும் பழங்குடியில், 1903 ஜனவரி 3-ஆம் நாள் ஜெய்பால் சிங் பிறந்தார். மாடு மேய்ப்பதே சிறு வயதில் அவருக்கு இடப்பட்ட வேலை. நம் கடற்கரையில் பள்ளிக்குப் போகும் முன் வலையில் மீன் கழிக்கும் பிள்ளைகள் இருப்பதுபோல, அந்த மலைநாட்டிலும் பிள்ளைகள் வீட்டு வேலையில் பங்கு கொண்டே வளர்ந்தார்கள்.

ராஞ்சியில் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரிகள் தூய பவுல் பள்ளியை நடத்தி வந்தார்கள். ஜெய்பால் அதில் சேர்ந்து படித்தார். படிப்பில் கூர்மையும் விளையாட்டில் துடிப்பும் உடைய அச்சிறுவர் தலைமையாசிரியரான கேனன் காஸ்கிரேவ் என்பவரின் கண்ணில் பட்டார். அவர் தாயகம் திரும்பும்போது ஜெய்பாலையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். முதல் உலகப் போர் முடிவுற்ற காலம் அது. ஜெய்பாலுக்கு வயது பதினைந்து, பதினாறுதான் இருக்கும். ஏறக்குறைய என் வயது! இராமேசுவரத்திலிருந்து மதுரைக்குத் தனியாகப் போக எனக்கு இன்னும் வீட்டில் அனுமதி கிடையாது. மொழியும் உணவும் குளிரும் புதிதான ஒரு நாட்டில் அந்தப் பிள்ளை எப்படித்தான் தங்கியிருந்தாரோ என்று எண்ணிப் பார்க்கிறேன்.

முதலில் கேன்டர்பரி நகரில் உள்ள தூய அகுஸ்தீனார் கல்லூரியில் அவர் சேர்க்கப்பட்டார். அவரைக் குருவானவராக்கி ஊருக்கு அனுப்புவதே பெரியோர்களின் எண்ணம். ஆனால் அவருடைய அறிவுத் திறனைக் கண்டு, 1922-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் தூய யோவான் கல்லூரிக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே பொருளாதாரம் பயின்று 1926-இல் சிறப்புப் பட்டம் பெற்றார்.

ஆக்ஸ்போர்டில்தான் அவருடைய ஹாக்கித் திறமை முழுமையாக மலர்ந்தது. எதிரணியின் தாக்குதலைத் தடுத்து நிறுத்தும் பின்வரிசை ஆட்டக்காரர் அவர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடுவது வழக்கம். அப்போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடுபவருக்கு புளூ என்னும் சிறப்பு வழங்கப்படும். அந்தச் சிறப்பை ஹாக்கியில் பெற்ற முதல் இந்திய மாணவர் ஜெய்பால் சிங். வெள்ளையர் நம்மை ஆண்ட காலத்தில், அவர்களுடைய நாட்டிலேயே, அவர்களுடைய விளையாட்டிலேயே ஒரு பழங்குடி இளைஞர் இப்பெருமையைப் பெற்றார் என்பதை நாம் மறக்கலாகாது.

அக்காலத்தில் ஹாக்கி ஆடிப் பிழைக்க முடியாது. ஊதியமும் இல்லை, ஏலமும் இல்லை. பட்டம் பெற்ற இந்திய இளைஞர்கள் பெரிதும் விரும்பியது ஐ.சி.எஸ். என்னும் இந்திய ஆட்சிப் பணியைத்தான். மாவட்டத்தையே ஆளும் கலெக்டர்கள் அப்பணியிலிருந்தே வந்தார்கள். ஜெய்பால் சிங்கும் அதற்குத் தேர்வு பெற்று, இங்கிலாந்திலேயே பயிற்சியில் இருந்தார். மாடு மேய்த்த சிறுவர் கலெக்டர் ஆகப் போகிறார்! இதைவிட வேறென்ன வேண்டும் என்றே எந்தப் பெற்றோரும் எண்ணியிருப்பர்.

அவ்வேளையில்தான் சோதனை வந்தது.

1928-இல் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவிருந்தன. 1925-இல் தொடங்கப்பட்ட இந்திய ஹாக்கி கூட்டமைப்பு முதன்முறையாக ஓர் அணியை ஒலிம்பிக்குக்கு அனுப்பியது. அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டபோது, வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். பிற்காலத்தில் உலகமே போற்றிய தியான் சந்த் என்னும் இளம் படைவீரரும் அக்கப்பலில் இருந்தார். இங்கிலாந்தில் இருந்த ஜெய்பால் சிங்கை அணித்தலைவராக நியமித்தார்கள்.

ஜெய்பால் சிங் இலண்டனில் இருந்த இந்தியா அலுவலகத்திடம் விடுப்புக் கேட்டார். விடுப்பு மறுக்கப்பட்டது. பணியா, நாட்டின் அணியா என்ற கேள்வி அவர் முன் நின்றது. பயிற்சியில் இருப்பவர் அனுமதியின்றிப் போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததன்று. தெரிந்தே அவர் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்றார்.

அங்கே இந்திய அணி ஆடிய ஆட்டம் வரலாறாயிற்று. ஆஸ்திரியாவை ஆறு கோல்களாலும், பெல்ஜியத்தை ஒன்பது கோல்களாலும், டென்மார்க்கை ஐந்து கோல்களாலும், சுவிட்சர்லாந்தை ஆறு கோல்களாலும் வென்றது. மே 26-ஆம் நாள் இறுதியாட்டத்தில் ஹாலந்தை அதன் சொந்த மண்ணிலேயே மூன்று கோல்களால் வீழ்த்தியது. ஆக மொத்தம் 29 கோல்கள். அவற்றுள் 14 தியான் சந்த் அடித்தவை. நம் அணி வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை! பின்வரிசை ஆட்டக்காரர்களும் கோல் காவலர் ரிச்சர்டு ஆலனும் எவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பதற்கு இதுவே சான்று. ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் இதுவே.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் கூற வேண்டும். அந்த இறுதியாட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. தொடக்கச் சுற்று ஆட்டங்களுக்குத் தலைமை தாங்கிய அவர், அணியின் மேலாளருடன் ஏற்பட்ட கருத்து வேற்றுமையால் அணியைவிட்டு விலகினார். இறுதியாட்டத்தில் பின்னிகர் என்பவர் அணியை நடத்தினார். இதைப் படித்தபோது என் மனம் வருந்தியது. அணித்தலைவர் இறுதிவரை நிற்க வேண்டாமா என்று எண்ணினேன். எங்கள் பள்ளி அணியில் ஒருமுறை சிறு மனத்தாங்கலால் நான் ஆட வராமல் இருந்ததும், அன்று நாங்கள் தோற்றதும் நினைவுக்கு வந்தன. ஆகவே அவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. பெரியோர் வாழ்விலும் இத்தகைய நாட்கள் உண்டு என்று மட்டும் அறிந்துகொண்டேன்.

விடுப்பின்றிச் சென்றதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்று அவருக்குக் கட்டளை வந்தது. நாட்டுக்காக ஆடியதைக் குற்றமாக ஏற்க அவர் மனம் இடம் தரவில்லை. ஐ.சி.எஸ். பணியையே உதறிவிட்டார்.

இந்தியா திரும்பியதும் அவர் கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அலுவலரானார். ஹாக்கியை விட்டுவிடவில்லை. 1929-இல் புகழ்பெற்ற மோகன் பகான் கழகத்துக்கு ஹாக்கி அணி அமைத்து அதற்குத் தலைமை தாங்கினார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் வங்காள ஹாக்கிச் சங்கத்தின் செயலாளராகத் தொண்டாற்றினார். காங்கிரஸின் முதல் தலைவரான டபிள்யூ. சி. பானர்ஜியின் பேத்தி தாரா மஜும்தாரை மணந்தார். 1934-இல் ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில், அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியரானார். 1937-இல் ராய்ப்பூரில் அரச குடும்பத்துப் பிள்ளைகள் படித்த ராஜகுமார் கல்லூரிக்கு முதல்வரானார். அடுத்த ஆண்டு பிகானீர் சமஸ்தானத்தில் உயர் பதவி ஏற்றார். மாடு மேய்த்த கைகள் அரசிளங்குமரர்களுக்குப் பாடம் சொன்ன அதிசயத்தை என்னென்பது!

தோழியரே, இதுவரை கூறியதெல்லாம் ஒருவர் எப்படி உயர்ந்தார் என்பதே. இனி வருவதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

அவ்வளவு உயர்ந்த பின்னரும் அவர் ஊருக்குத் திரும்பினார். பழங்குடி மக்களின் நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய காட்டிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் பிறர் செல்வம் சேர்த்தார்கள். அவர்களோ கூலிகளாய் ஊர் விட்டு ஊர் போனார்கள். அவர்களுக்காகப் பேசப் படித்தவர் ஒருவர் வேண்டியிருந்தது. 1939 ஜனவரியில் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபைக்குத் தலைமை தாங்கும்படி ஜெய்பால் சிங்கை அழைத்தார்கள். அவரும் மனமுவந்து ஏற்றார். அன்று முதல் தம் இறுதி நாள் வரை அவர் அம்மக்களின் குரலாக விளங்கினார். மராங் கோம்கே என்னும் பட்டத்தை அன்போடு அவருக்குச் சூட்டியவர்கள் அந்த எளிய மக்களே.

1946-இல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். அவ்வாண்டு டிசம்பர் 19-ஆம் நாள் அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. காட்டுவாசி என்று நகரத்தார் இழிவாகச் சொல்லும் பெயரையே அவர் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். சனநாயகத்தைப் பழங்குடியினருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் அதைக் கற்க வேண்டும் என்று அச்சபையில் துணிந்து கூறினார். அது மட்டுமா? சபையில் ஆண்களே மிகுந்திருக்கிறார்கள், பழங்குடிப் பெண்களும் அங்கே வர வேண்டும் என்றும் கேட்டார். பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் இதற்காகவே அவரை நன்றியோடு நினைக்கலாம்.

பின்னர் அவர் ஜார்க்கண்ட் கட்சியைத் தொடங்கினார். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அது பீகார் சட்டமன்றத்தின் முக்கிய எதிர்க்கட்சியாயிற்று. அவரும் மக்களவைக்குச் சென்று, இறக்கும் வரை அதன் உறுப்பினராக இருந்தார். மலைநாட்டு மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை மாநிலச் சீரமைப்புக் குழு ஏற்கவில்லை. 1963-இல் தம் கட்சியைக் காங்கிரஸுடன் இணைத்தார். அது பல தொண்டர்களுக்கு மனவருத்தம் தந்தது. தனி மாநிலத்தைக் காணாமலே 1970 மார்ச் 20-ஆம் நாள் புதுதில்லியில் காலமானார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2000 நவம்பர் 15-ஆம் நாள், ஜார்க்கண்ட் மாநிலம் பிறந்தது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர்.

ஹாக்கி விதையும் அவ்வாறே பலன் தந்தது. மிஷன் பள்ளிகளின் வழியாக அந்த மலைநாட்டில் வேரூன்றிய அவ்விளையாட்டு இன்று ஊர்தோறும் ஆடப்படுகிறது. மட்டை வாங்க வசதியில்லாத பிள்ளைகள் மூங்கிலையும் மரக்கிளையையும் வளைத்து மட்டையாக்கி ஆடுகிறார்கள். அந்த மலைநாட்டுப் பழங்குடியைச் சேர்ந்த மைக்கேல் கிண்டோ 1975-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் ஆடினார். ஜெய்பால் பிறந்த அதே குந்திப் பகுதியின் ஹேசல் கிராமத்திலிருந்து நிக்கி பிரதான் என்னும் பெண் 2016-இல் ரியோ ஒலிம்பிக்குக்குச் சென்றார். சிம்டேகா மாவட்டத்தைச் சேர்ந்த சலீமா டேட்டே 2024-இல் இந்தியப் பெண்கள் அணியின் தலைவியானார். ஜெய்பால் காலத்தில் ஹாக்கி ஆடியவர் வேலையை இழந்தார். இன்று அவர் பெயர் தாங்கிய அரங்கில், ஏழை வீட்டுப் பெண்கள் ஹாக்கி ஆடியே ஊதியம் பெற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள்.

இனி என்னைப் பற்றிச் சில சொற்கள் கூற அனுமதியுங்கள். எங்கள் பள்ளித் திடல் மணல் திடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பந்து ஒரு பக்கமாகவே ஓடும். மட்டை கிடைக்காத நாட்களில் சீமைக் கருவேலங் கிளையை வளைத்து நாங்களும் ஆடியிருக்கிறோம். நான் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், அரசுப் பொதுத்தேர்வு முடியும் வரை மட்டையைத் தொடக்கூடாது என்று அம்மா அதைப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். அப்பா கடலிலிருந்து வந்ததும் முறையிட்டேன். அம்மா சொல்வதுதான் சரி என்று அப்பாவும் கூறிவிட்டார்கள். பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெய்பால் சிங் நாட்டுக்காகப் பதவியையே விட்டாரே, நான் விளையாட்டுக்காகப் படிப்பை விட்டால் என்ன என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது உண்மை. ஆனால் அவர் வரலாற்றை முழுமையாகப் படித்த பிறகு என் எண்ணம் தவறென்று புரிந்தது. அவர் படிப்பை ஒருநாளும் விடவில்லை. சிறப்புப் பட்டம் பெற்றவர், தேர்வில் வென்றவர் என்பதனால்தான் பதவியைத் துறந்த பின்னும் ஆசிரியராக, கல்லூரி முதல்வராக, மக்கள் தலைவராக அவரால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. மட்டை அவரைத் திடலுக்கு அழைத்துச் சென்றது. படிப்பு அவருக்குச் சபையில் பேசும் ஆற்றலைத் தந்தது. நம் இராமேசுவரத்து மண்ணின் மைந்தர் அப்துல் கலாம் அவர்களும் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்துத்தானே உலகறிய உயர்ந்தார்கள்! உயர்ந்த பின்னும் பிறந்த ஊரை மறக்கவில்லையே!

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். மட்டை இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் அரை மணி நேரம் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

ஆகவே என் அருமைத் தோழியரே, ஊக்கமாகப் படிப்போம், உற்சாகமாக விளையாடுவோம். இறைவன் நம்மை உயர்த்தும் நாளில், நம் கடற்கரைக்குத் திரும்பி வந்து, பேச ஆளில்லாத மக்களுக்காகப் பேசுவோம். ஜெய்பால் சிங்கின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

வாழ்க அவர் புகழ்! வளர்க நம் பள்ளி!

— பத்தாம் வகுப்பு மாணவி